செல்விக்கு, டர்பனிலிருந்து

அன்புள்ள செல்வி,

உன் மெயில் கிடைத்தது. மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததை ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டு, கொழுந்தனார் விஷயத்தைக் கடைசியில் ரெண்டே வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய். நான் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதில் நாள் கடத்தக் கூடாது.

எச்ஐவி இருக்கிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, ராத்திரியில் சட்டை நனைகிற வேர்வை, எடை இறங்குகிறது, டிபி என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்து மூணு மாசமாகியும் கட்டி பெருத்துக்கொண்டே போகிறது. கேன்சர் மருந்து கலக்கிற இடத்தில் இருப்பதால் இந்தக் கதை எனக்கு மனப்பாடம். உலகத்திலேயே எச்ஐவியோடு வாழ்பவர்கள் அதிகம் இருக்கிற நாடு இந்தத் தென்னாப்பிரிக்கா, அதிலும் எங்கள் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில்தான் கூட்டம், டிபியும் கூடவே. அதனால் நெறி கட்டினால் முதலில் டிபியை நினைப்பதைக் குறை சொல்ல முடியாது, பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் லிம்ஃபோமாவும், அதாவது நெறிகளில் வருகிற கேன்சரும், இதே காய்ச்சல், இதே வேர்வையோடுதான் வரும். போதாக்குறைக்கு, சரியான டிபிக்குச் சரியான மருந்து சாப்பிடும்போதே சிலருக்குக் கட்டி கொஞ்ச நாள் வீங்கும், அதனால் டாக்டரும் பொறுத்துப் பார்ப்போம் என்பார். அந்தப் பொறுமையில்தான் ஆள் கைவிட்டுப் போகிறார்.

இங்கே ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. ஒரு கிளினிக்கில் டிபி மருந்தை ஒரு முறை முடித்து, மறுபடியும் ஆரம்பித்து, கடைசியில் பயாப்ஸிக்குக் கட்டியில் சதை எடுத்துப் பார்த்தபோது அது லிம்ஃபோமா, நோய் எலும்பு மஜ்ஜை வரை போயிருந்தது. முதல் சுற்றுக் கீமோவை நான்தான் கலந்தேன், இரண்டாவது சுற்றுக்குச் சீட்டு வரவே இல்லை.

அதனால் பயாப்ஸி கேளுங்கள். மெல்லிய ஊசியில் உறிஞ்சி எடுப்பது டிபி கிருமியைத் தேடப் போதும், லிம்ஃபோமாவா, அதில் எந்த வகை என்று சொல்லப் போதாது. கட்டியை முழுசாக எடுக்க வேண்டும், முடியாவிட்டால் தடித்த ஊசியிலாவது ஒரு துண்டு. அதற்கு முன்னால் வீக்கம் குறையட்டும் என்று யாராவது ஸ்டீராய்டு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. லிம்ஃபோமா ஸ்டீராய்டுக்குச் சட்டென்று சுருங்கும், எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள், பயாப்ஸியில் ஒன்றும் தெரியாமல் போகும், அப்புறம் திரும்பி வரும்.

பிழைப்பாரா என்று கேட்டிருந்தாய். 90களின் தொடக்கத்தில் எச்ஐவியோடு இந்த நோய் வந்தால் பாதிப் பேர் ஒரு வருஷத்தைக் கூடத் தாண்டவில்லை. இன்று எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரை ஒழுங்காகப் போய், கீமோவும் முழுசாகக் கிடைத்தால் எச்ஐவி இல்லாதவர்களுக்குச் சமமாகவே பல பேர் தேறுகிறார்கள். டாக்டர்கள் பார்ப்பது வயது, நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, ரத்தத்தில் எல்டிஹெச் என்கிற என்சைமின் அளவு, ஆள் எழுந்து நடமாடுகிறாரா என்பது. எச்ஐவி உள்ளவருக்கு சிடி4 எண்ணிக்கையும், அதாவது ரத்தத்தில் உள்ள எதிர்ப்புச் செல்களின் கணக்கும், சேரும். அது 100க்குக் கீழே இருந்தால் கஷ்டம், அதற்காகக் கீமோவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிற்காதே, வேறு டாக்டரிடம் போ. பல வகை லிம்ஃபோமாவுக்குக் கீமோவோடு ரிடுக்ஸிமாப் என்கிற மருந்தையும் சேர்த்தால் பலன் கூடும். சிடி4 50க்கும் கீழே என்றால் மட்டும் தொற்றுக்குப் பயந்து யோசிப்பார்கள். எந்த வகை லிம்ஃபோமா என்பதும் முக்கியம், ஹாட்ஜ்கின் என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம், பிளாஸ்மாபிளாஸ்டிக் என்றால் போராட்டம்தான்.

இனி என் வேலை சம்பந்தப்பட்டது. அவர் சாப்பிடும் மாத்திரை ஒன்று விடாமல் கீமோ கொடுக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே நம் ஆட்கள், அதாவது 1860லிருந்து கப்பலில் வந்தவர்களின் பேரன் பேத்திகள், கோயில் கமிட்டியில் தெரிந்துவிடுமே என்று மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிடுவார்கள், குலுங்கிச் சத்தம் வராமலிருக்க உள்ளே பஞ்சு வைப்பார்கள். அந்தப் பஞ்சு வைத்த டப்பாவைப் பார்த்தாலே எனக்குக் கோபமும் வரும், அழுகையும் வரும். ரிட்டோனாவிர் உள்ள எச்ஐவி மாத்திரை போய்க்கொண்டிருப்பது தெரியாமல் வின்கிரிஸ்டின் என்கிற கீமோ மருந்தை ஏற்றினால் அந்த மருந்து உடம்பில் தேங்கி, கை கால் மரத்து, குடல் நின்றுபோகும் அளவுக்குக் கொண்டுபோய் விடும். எச்ஐவி மாத்திரை டோலுடெக்ராவிர் என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவர் டிபிக்கு ரிஃபாம்பிசினும் சாப்பிடுகிறார் இல்லையா, அப்படியானால் டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை போக வேண்டும், ஒரு வேளை போதாது. இதை இன்றைக்கே கேட்டுவிடு. கீமோ நாட்களில் ஏஆர்டியை நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் விடாதே. ஹெபடைடிஸ் பி டெஸ்டும் எடுத்தார்களா என்று பார்.

தாம்பரம் சானடோரியத்தில் எச்ஐவி, டிபி இரண்டும் நெடுங்காலமாகப் பார்த்த கை இருக்கிறது, உங்கள் ஊர் டாக்டர் இழுத்தடித்தால் அங்கே போய்விடுங்கள். அவர் மனைவிக்கு டெஸ்ட் எடுத்தாயிற்றா? அதை நீ எழுதவில்லை.

மற்றபடி நான் சௌக்கியம். ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போனோம், கூட்டத்தில் சின்னவன் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தான். கரண்ட் கட் இப்போது பரவாயில்லை. மாமியாருக்கு முட்டு வலி, அது தீராத கதை, விடுடி.

பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் பெயரை மறைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு, மாத்திரை டப்பாக்களையும் சேர்த்து. ராத்திரி எத்தனை மணியானாலும் பார்க்கிறேன்.

உன்
விஜயா