பிரம்படி வளர்த்த மனவலிமையா?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கடந்த ஞாயிறு இணைப்பில், பொதுத்தேர்வு எழுதவிருக்கும் மாணவர்களுக்கு அறிவுரை கூறும் கட்டுரையொன்று வெளியாகியிருந்தது. மாதிரி வினாத்தாளை எப்படிப் பயன்படுத்துவது, இரவில் எப்போது படுப்பது என்றெல்லாம் பயனுள்ளவற்றைச் சொல்லிக்கொண்டே வந்த கட்டுரையாளர், முடிக்குமிடத்தில், "பிரம்படி வாங்கியே படித்த எங்கள் தலைமுறைக்கு மன அழுத்தம் என்றால் என்னவென்றே தெரியாது, இன்றைய பிள்ளைகள் சோம்பலை மறைக்க மருத்துவரைத் தேடுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். ஒற்றுப்பிழைகூட வராமல் பார்த்துக்கொள்ளும் தங்கள் அலுவலகத்தில், இந்த வரி மட்டும் ஒருவர் கண்ணையும் உறுத்தாமல் அச்சுக்குப் போயிருப்பது வியப்பாக இருக்கிறது.

கட்டுரையாளருக்கு மன அழுத்தம் வராமல் போனதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால், அவரோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எஸ்.எஸ்.எல்.சி. வரை அவர் கூடவே வந்தார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. அடிக்குப் பயந்து மாடு மேய்க்கப் போனவனும், படிப்பு ஏறாது என்று வீட்டோடு நிறுத்தப்பட்டவளும், 'அவன் ஒரு மாதிரி' என்று ஊரே ஒதுக்கி வைத்தவனும் ஞாயிறு இணைப்புக்குக் கட்டுரை எழுதி அனுப்புவதில்லை. எல்லோரும் நலமாகவே இருந்தோம் என்பது, கரையேறியவர்கள் மட்டும் கூடி எழுதிக்கொண்ட வரலாறு. மேலும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்திருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியிருக்க, பிரம்பின் பெருமையை ஒரு நாளிதழ் இன்னும் எத்தனை காலம் அச்சிடப் போகிறது?

நான் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் முதுகலை ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி முதல் குரூப்பில் சேர்ந்த மாணவன் ஒருவன், பிளஸ் டூ வந்த சில மாதங்களிலேயே மாறிப்போனான். சேட்டை இல்லை, எதிர்த்துப் பேச்சில்லை, வீட்டுப்பாடத்தைக்கூட எழுதிக்கொண்டு வந்துவிடுவான். அவனிடம் ஏதோ சரியில்லை என்பது எனக்கு ஆய்வகத்தில்தான் தெரிந்தது. பியூரெட் என்னும் அளவுக் குழாயில் பெர்மாங்கனேட் கரைசலை நிரப்பிவிட்டு, தொடக்க அளவைக் குறித்தோமா இல்லையா என்பது நினைவுக்கு வராமல் நிற்பான். குறித்திருக்கிறானே என்று நோட்டைக் காட்டினால், அது போன முறை எடுத்ததோ என்று சந்தேகப்பட்டுக் குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுபடியும் பிப்பெட்டைக் கையில் எடுப்பான். மற்றவர்கள் கணக்கீட்டையும் முடித்து வெளியே போய்விட்ட பிறகு, அவன் மேசையில் மட்டும், சோதனை முடிந்ததைக் காட்டும் இளஞ்சிவப்பு நிறம் வருவதும் கழுவப்படுவதுமாக இருக்கும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டச் சொல்லி அவன் தாயாரிடம் நான்தான் வற்புறுத்தினேன். மந்திரித்துக் கட்டிய கயிறுகள் கையில் ஏறி முடிந்த பிறகே அந்த அம்மா அதற்குச் சம்மதித்தார். மனச்சோர்வு நோய் என்றார்கள். தூக்கம் கெட்டு, கவனம் ஓரிடத்தில் நிற்காமல், சற்றுமுன் செய்ததை மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும் திறனே குறைந்துவிடுகிறது என்றும், அந்த நிலையில் எவ்வளவு நேரம் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாலும் ஏறாது என்றும் மருத்துவர் அந்தத் தாய்க்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார். தங்கள் கட்டுரையாளரின் அகராதியில் இவன் சோம்பேறி.

நோயைவிட, அதன்பின் பள்ளியில் நடந்ததுதான் எனக்கு இன்றளவும் ஆறவில்லை. மாத்திரையின் மயக்கத்தில் காலைச் சிறப்பு வகுப்பில் கண் சொருகியவனை, விவரம் தெரிந்த பிறகும் எழுப்பி வெளியே நிறுத்தினார்கள். மருத்துவச் சான்றிதழோடு வந்த தாயாரிடம் நிர்வாகம் கேட்ட முதல் கேள்வி, "பையன் பாஸ் ஆயிடுவானாம்மா?" என்பது. தேர்வுப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் நேரத்தில், இவன் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதினால் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு தப்பிக்கும் என்று யோசனை சொன்னவர்களும் ஆசிரியர்களே. அவர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. விழுக்காடு சற்றே சறுக்கினால் பாட ஆசிரியரைக் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்து விளக்கம் கேட்கும் அதிகாரிகளுக்கு, ஒரு மாணவன் பிழைத்தானா என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. அவன் எங்கள் பள்ளி மாணவனாகவே தேர்வெழுதினான். என் பாடத்தில் தோற்றான். துணைத் தேர்வில் தேறினான். தோற்றவர்கள் ஓராண்டு வீணாகக் காத்திராமல் உடனே எழுத இடம் தரும் இந்தத் துணைத் தேர்வுக்காக, சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட சினேகா போன்ற தற்கொலைத் தடுப்பு அமைப்புகள் எவ்வளவு பாடுபட்டன என்பதைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒருநாள் எழுதினால், படிக்க நன்றாக இருக்கும்.

இதை ஒரு பையனின் கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொல்கிறது. அதாவது 40 பேர் அமரும் வகுப்பறையில் சுமார் மூன்று பேர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022இல் மட்டும் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ பயிலும் நிறுவனங்கள் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்றும், மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரித்து உட்காரவைப்பதும் பலர் முன் அவமானப்படுத்துவதும் கூடாது என்றும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நான் ஓய்வு பெறும்வரை என் பள்ளிகளில் ஆலோசகர் என்றொரு பணியிடத்தை நான் கண்டதில்லை. ஆலோசனை முகாம் என்ற பெயரில் கண்டதெல்லாம், மொத்தப் பள்ளியையும் வெயிலில் உட்காரவைத்து ஒலிபெருக்கியில் தன்னம்பிக்கை பேசி, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதுதான். ஆயிரம் பேருக்கு நடுவே, எனக்குத் தூக்கம் வரவில்லை ஐயா என்று எந்தப் பிள்ளை எழுந்து நின்று சொல்லும்?

நாளிதழ்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. தங்கள் இதழைப் பல்லாண்டுகளாக வாங்கிப் படிப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசே 2017இல் கைவிட்டுவிட்டது. ஆனால் தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில், தனியார் பள்ளிகளும் பயிற்சி மையங்களும் பிள்ளைகளின் முகங்களைத் தபால்தலை அளவில் அடுக்கித் தரும் முழுப்பக்க விளம்பரங்கள் தங்கள் இதழில் குறைந்தபாடில்லை. அதே இதழின் உள்பக்கத்தில், மதிப்பெண் குறைந்ததால் மாணவி விபரீத முடிவு என்று ஒரு பெட்டிச் செய்தி வரும். ஒரு முழு வாழ்க்கைக்கும் அந்த ஒற்றைக் காரணம் போதுமானதாகிவிடும். எப்படி இறந்தாள் என்ற விவரமும் விடாமல் தரப்பட்டிருக்கும். இத்தகைய செய்திகளைப் பெரிதுபடுத்தவோ, முறையை விவரிக்கவோ கூடாது என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019இலேயே நெறிமுறை வகுத்திருப்பதை, ஒரு வேதியியல் ஆசிரியை தங்களுக்கு நினைவூட்ட நேர்ந்தமைக்கு மன்னிக்கவும்.

நான் தங்களிடம் கேட்பது மிகச் சிறிது. கட்டுரையாளர் வருத்தம் தெரிவிக்க வேண்டாம். அவர் தம் பிரம்போடு நலமாக இருக்கட்டும். பொதுத்தேர்வு அட்டவணையும் தேர்வு முடிவுகளும் வெளியிடும் பக்கங்களில், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட, தொலைபேசிவழி அரசு மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம் என்ற குறிப்புடன், கண்ணாடி போடாமலே படிக்கக்கூடிய எழுத்தில் முதல் பத்தியின் தலைப்பில் இடம்பெற வேண்டும். இப்போது போல, இறப்புச் செய்திக்கு அடியில் பொடி எழுத்தில் அல்ல. அந்த இடத்துக்கு விளம்பரக் கட்டணம் உண்டென்றால் தொகையைத் தெரிவியுங்கள். என் ஓய்வூதியத்திலிருந்து செலுத்திவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியை,
புதுக்கோட்டை மாவட்டம்.