அலமாரியில் இருக்கும் மெழுகுக் கட்டைகளை மறுபடி ஒருமுறை சோதியுங்கள்

மதிப்பிற்குரிய நோய்க்குறியியல் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும், மருத்துவமனை இயக்குநர் அவர்களுக்கும், மாநிலச் சுகாதாரத் துறையில் இதைக் கையில் எடுக்கப் போகும் அதிகாரி யாராக இருந்தாலும் அவருக்கும் வணக்கம்.

போன வாரம் உங்கள் பதில் கிடைத்தது. மூன்றே வரி. என்னுடைய அடுவான், அதாவது புகார், கவனத்தில் கொள்ளப்பட்டது, பரிசோதனை நடைமுறைப்படியே நடந்தது, தெரிமா காசி (நன்றி). ஐந்து மாதம் காத்திருந்து வாங்கிய மூன்று வரி என்பதால் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஃபைல் உங்களிடமே இருக்கிறது, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் இந்த மடல். 2022 தீபாவளியை ஒட்டி என் அக்காவுக்கு வந்த மார்பகப் புற்றுப் பரிசோதனை முடிவு தவறு என்று இன்னொரு லேப் எழுதிக் கொடுத்துவிட்டது. அதே காலத்தில் அதே லேப்பில் 'ஹார்மோன் நெகட்டிவ்' என்று எழுதப்பட்ட மற்ற பெண்களின், மெழுகுக் கட்டையில் பதித்து வைத்த சதை மாதிரிகளையும் எடுத்து மறுபடி சோதியுங்கள். அவ்வளவுதான்.

அக்கா 27 வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டபோது வேலை போய், லயத்து வீடும் போய், இப்போது டவுனில் தாமான் (குடியிருப்பு) வீட்டில் இருக்கிறார். பேசுவது தமிழ், கடையில் சமாளிக்க மலாய், அவ்வளவே. உங்கள் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது, விளக்கம் மலாயில் கிடைத்தது. அதில் அக்காவுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல், நெகட்டிவ். ஈஸ்ட்ரோஜன் நெகட்டிவ், புரோஜெஸ்ட்ரோன் நெகட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ். கோவிட் நேரத்தில் மூக்கில் குச்சி விட்டு விட்டுப் பார்த்து, நெகட்டிவ் என்று வந்தால் 'அப்பாடா' என்று மூச்சு விட்டுப் பழகியவர்கள் நாங்கள். அக்காவும் அப்படியே நினைத்துக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய், மூன்று நெகட்டிவுக்கு மூன்று தேங்காய் உடைத்தார். நான்தான் லாரியில் கூட்டிப் போனேன். எனக்கும் தெரியாது. சிதறிய தேங்காயைப் பொறுக்கி ஆளுக்கு ஒரு சில் கொடுத்தார், நானும் வாங்கித் தின்றேன்.

அந்த மூன்று நெகட்டிவ்தான் இருப்பதிலேயே மோசமான செய்தி என்று நாங்கள் தெரிந்துகொண்டது ஒன்றரை வருடம் கழித்து. மார்பகப் புற்றில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் கட்டி ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து வளரும் வகை. அந்த செல்லில் ஹார்மோன் வந்து உட்காரும் இடம், அதாவது ஏற்பி, இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. (ஹெர்-2 என்பது கட்டியில் பார்க்கும் இன்னொரு புரதம்.) இருந்தால் தமோக்சிபென் மாதிரி ஒரு மாத்திரை. 5 வருடம் தவறாமல் சாப்பிட்டால், 15 வருடக் கணக்கில் இந்த நோயால் சாகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறார்கள். ஏற்பி இல்லாவிட்டால் அந்த மாத்திரையால் பயன் இல்லை, டாக்டரும் எழுத மாட்டார். ஆக, ஒரு லேப்பில் ஒரு கண்ணாடித் துண்டில் பழுப்பு நிறம் ஏறியதா ஏறவில்லையா என்பதை வைத்துத்தான் ஒருவருக்கு மாத்திரை உண்டா இல்லையா என்று முடிவாகிறது. அந்த மாத்திரை அப்படியொன்றும் விலை கூடியதும் இல்லை.

அக்காவுக்கு எழுதவில்லை. கீமோ கொடுத்தார்கள், முடி கொட்டியது, முடிந்தது. கீமோவே வேண்டாமாயிருந்தது என்று நான் சொல்ல வரவில்லை, நான் டாக்டர் இல்லை, செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறவன். 2024இல் கழுத்தெலும்புக்கு மேலே கோலிக்குண்டு போல ஒன்று வந்தது. வேறு மருத்துவமனையில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 90 விழுக்காடு பாசிட்டிவ். 1 விழுக்காடு செல்லில் நிறம் ஏறினாலே பாசிட்டிவ் கணக்கில்தான் எடுக்க வேண்டுமாம். இது 90.

நோய் திரும்பும்போது ஏற்பி நிலை மாறுவதும் உண்டு என்று சொல்வீர்கள். தெரியும், அந்த வேறு மருத்துவமனையில் இருந்த இளம் டாக்டரும் சொன்னார். அதனால்தான் பழைய கட்டையையே எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார். "உங்கள் அக்காவின் பிளாக் அங்கே இருக்கும், கேட்டு வாங்கி வாருங்கள்."

வாங்குவதற்கு நான் நான்கு முறை வந்தேன். முதல் முறை விண்ணப்பப் பாரம் சரியில்லை, இரண்டாவது முறை கையெழுத்துப் போடுகிறவர் லீவ், மூன்றாவது முறை அக்காவே நேரில் வர வேண்டும் என்றார்கள். நான்காவது முறை அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து, டெபாசிட் கட்டி, ஒரு பழுப்பு உறையை வாங்கினேன். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் சட்டம், தபால் தலையை விடக் கொஞ்சம் பெரிது. அதில் மெழுகு, மெழுகுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு. அக்கா உறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதா?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பேசவில்லை.

அதை அஞ்சலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மெழுகு உருகிவிட்டால்? டிபன் கேரியரின் கீழ்த்தட்டில் ஐஸ் தண்ணீர்ப் பொட்டலம், மேல்தட்டில் பேப்பரில் சுற்றிய அக்காவின் இரண்டு துண்டு, மடியில் வைத்துக்கொண்டு கோலாலம்பூர் வரை பஸ்ஸில் உட்கார்ந்து போனேன். அங்கே லேப்பில் வாங்கிய பையன் சிரித்துவிட்டான். 55 டிகிரிக்கு மேலே போனால்தான் உருகும், பயப்படாதீர்கள் பாங் என்றான். வெயிலில் நிறுத்திய லாரிக்குள் வைத்திருந்தால் உருகியிருக்குமே தம்பி என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. ஒரு கட்டையில் 80 விழுக்காடு பாசிட்டிவ். நீங்கள் முதலில் சோதித்த கட்டையில் ஒன்றுமே நிறம் ஏறவில்லை, கட்டியிலும் ஏறவில்லை, பக்கத்தில் இருந்த நல்ல பால் குழாய்களிலும் ஏறவில்லை. இதைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நல்ல குழாயில் நிறம் ஏறியே தீர வேண்டும், ஏறாவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது, 'நெகட்டிவ்' என்று எழுதவே கூடாது என்று அங்கே எனக்கு விளக்கினார்கள். லாரிக்காரனுக்கே ஒரே தடவையில் புரிகிற விஷயம் இது.

ஏன் ஏறவில்லை? வெட்டி எடுத்ததை ஒரு மணி நேரத்துக்குள் பார்மலினில், அதாவது சதை கெடாமல் காக்கும் திரவத்தில், போட வேண்டும், அதில் 6 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் ஊற வேண்டும், இரண்டு நேரத்தையும் எழுத வேண்டும். பார்மலின் சதைக்குள் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும், அதனால் பெரிய துண்டு என்றால் கீறித் திறந்து போட வேண்டும். அக்காவுக்கு ஆப்பரேஷன் நடந்தது வெள்ளிக்கிழமை பிற்பகல். திங்கட்கிழமை தீபாவளி. லேப்பில் 'வந்து சேர்ந்தது' முத்திரை செவ்வாய்க்கிழமை காலை. பார்மலினில் போட்ட நேரம் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. நகலை நானே பார்த்தேன். அந்த மூன்றரை நாளும் அக்காவின் மார்பு முழுசாக ஒரு வாளியில் இருந்ததா, கீறினார்களா, வாளியில் பார்மலின் எவ்வளவு இருந்தது, இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் மூன்று வரியிலும் இல்லை.

நான் ஓட்டுகிற குலைக்கு நேரம் உண்டு ஐயா. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போகாவிட்டால் ஆசிட் ஏறிவிடும், கிரேடு பார்க்கிறவர் விலையை வெட்டிவிடுவார், அதனால் ஒவ்வொரு லோடுக்கும் நேரம் எழுதிய சீட்டு கூடவே போகும். இந்த விஷயத்தை அக்காவிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "பாலுக்கு அமோனியா ஊத்தாம வாளியில வச்சா கட்டியாயிடும்ல, அது மாதிரியா?" ஆமாம் அக்கா, அது மாதிரிதான். 27 வருடத்தில் ஒரு நாள் பால் கெட்டுப் போனாலும் மண்டோர் (மேற்பார்வையாளர்) அக்காவின் பேர்ச்சிட்டில் குறித்து வைப்பார். உங்கள் கட்டம் காலி.

தெரியாத நோய் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 1896இலேயே ஸ்காட்லாந்தில் ஜார்ஜ் பீட்சன் என்ற டாக்டர், சூலகத்தை எடுத்தபின் மார்புக் கட்டி சுருங்கியதை எழுதி வைத்துவிட்டார். அதே 1896இல்தான் இந்த நாட்டில், மலாக்காவில், தான் சே யான் என்ற சீனர் ரப்பர் தோட்டம் போட்டார். ரப்பர் வந்து, எங்கள் பாட்டன் பூட்டன் வந்து, ரப்பர் போய், செம்பனை வந்து, பங்களாதேஷ் பையன்கள் வந்து, மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரெசர் போய், ஆயாக்கொட்டகை போய், எல்லாம் மாறிவிட்டது. ஒரு கட்டத்தில் நேரம் எழுதும் வழக்கம் மட்டும் இன்னும் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. வருடா வருடம் அக்டோபரில் ரோஸ் கலர் ரிப்பனும் ரோஸ் கலர் கேக்கும் ரோஸ் கலர் சட்டையும் தவறாமல் வந்துவிடுகின்றன. 'சீக்கிரம் வாருங்கள்' என்று தமிழிலேயே பேனர் கட்டுகிறீர்கள், நல்லதுதான், நம் நாட்டில் பாதிப் பேர் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள். ஆனால் அக்கா சீக்கிரம்தான் வந்தார். குளிக்கும்போது கையில் கொட்டைப்பாக்கு அளவு தட்டுப்பட்டது, அந்த வாரமே வந்துவிட்டார். அந்த பேனரில் இன்னொரு வரியும் சேர்த்து எழுதுங்கள், வந்தால் என்ன நடக்கும் என்று.

மன்னிக்கவும், கோபம் எங்கோ இழுத்துப் போகிறது. கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

இப்படி நடந்த முதல் இடம் நம்முடையது இல்லை. கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து மாநிலத்தில் 2005இல் ஒரு நோயாளியின் பழைய மாதிரியை மறுபடி சோதித்தபோது நெகட்டிவ் பாசிட்டிவாக மாறியது. அவர்கள் அந்த ஒருவரோடு நிறுத்தவில்லை. 1997 முதல் 2005 வரை நெகட்டிவ் என்று சொன்ன மாதிரிகளை எடுத்து டொரோண்டோவுக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய 400 பேருக்கு முடிவு தவறு என்று தெரிந்தது. நோயாளிகளிடம் உடனே சொல்லாமல் இழுத்ததும் வெளியே வந்தது. நீதிபதி மார்கரெட் கேமரன் விசாரித்து 2009இல் அறிக்கை கொடுத்தார். பெரிய அவமானம்தான். ஆனாலும் சோதித்தார்கள்.

நான் விசாரணைக் கமிஷன் கேட்கவில்லை. நஷ்ட ஈடும் கேட்கவில்லை. மாத்திரை அப்போதே கொடுத்திருந்தால் அக்காவுக்குத் திரும்பியே இருக்காது என்றும் வாதாட மாட்டேன், அதை யாராலும் சொல்ல முடியாது. அக்காவோடு கீமோவுக்கு ஒரே வேனில் போன இரண்டு அக்காமார்களுக்கும் நெகட்டிவ் என்றுதான் எழுதியிருந்தது. ஒருவர் இப்போது இல்லை. இன்னொருவர் தாமான் முனையில் காலையில் இட்லி விற்கிறார், மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. அவருடைய நெகட்டிவ் உண்மையான நெகட்டிவாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கட்டைகள் உங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. எடுத்து வேறு லேப்புக்கு அனுப்பி மறுபடி சோதியுங்கள், நல்ல குழாயில் நிறம் ஏறியதா என்று பாருங்கள், சந்தேகமான ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள். தமிழ் பேசத் தெரிந்த தாதிகள் உங்கள் வார்டிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டாலே போதும். தயவு செய்து சோதியுங்கள்.

அக்கா இப்போது தினமும் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் ஹார்மோன் மாத்திரை போடுகிறார். கழுத்துக் கட்டி சின்னதாகியிருக்கிறது.

உங்களிடம் வாங்கிய இரண்டு கட்டைகள் இன்னும் என் வீட்டில், சாமி மேடைக்குப் பக்கத்தில் அதே பழுப்பு உறையில் இருக்கின்றன. வரும் புதன்கிழமை எனக்கு லோடு இல்லை. காலை 8 மணிக்கே கவுண்டருக்குக் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுகிறேன். இட்லி அக்காவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருடைய கட்டையைக் கேட்டு வாங்க. அவரை நான்கு முறை அலைய விடாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லாரி டிரைவர், அக்காவின் தம்பி