தம்பிக்கு, ரொறன்ரோ வென்ற பிறகு

ஸ்காபரோ
2019 ஜூன் 25

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோன் எடுத்தபோது மாமா வீட்டில் ஒரே சத்தம். பின்னால் என்ன நடக்கிறது என்று கேட்டாய். "அம்மா பிறகு சொல்லுறன் ராசா" என்று வைத்துவிட்டேன். அன்றிரவே எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல நினைத்தது ரெலிபோனில் சொல்லுகிற கதை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மார்க்கத்தில் மாமா வீட்டுக்கு எல்லோரும் போயிருந்தோம். மாமி மட்டன் ரோல்ஸ் பொரித்தா. சாப்பிட்டு முடித்து, பிளேன்ரீயோடு, எங்கள் கூடைப்பந்து அணி ராப்டர்ஸ் கிண்ணம் வென்ற கதை தொடங்கியது. வெற்றி ஊர்வலம் முடிந்து ஒரு கிழமை ஆகிறது, இன்னும் வேறு கதை இல்லை இங்கே. மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். மில்வாக்கி அணியோடு முதல் இரண்டு ஆட்டமும் தோற்றதும், "இந்த வருஷமும் இவ்வளவுதான்" என்று ரீவியை நிறுத்திவிட்டாராம். மூன்றாவது ஆட்டம் இரண்டு ஓவர்டைம் போய் 118-112 என்று வென்றது, பக்கத்து வீட்டுக்காரர் காலையில் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அதோடு சேர்த்துத் தொடர்ந்து நாலு ஆட்டம் வென்றார்கள். "இருபத்தினாலு வருஷம் பார்த்துப்போட்டு, பார்க்க வேண்டிய ஆட்டத்தைப் பார்க்காமல் விட்டனான்" என்றார். சொல்லும்போது குரல் உண்மையாகவே இறங்கிவிட்டது.

பிறகு உன் அப்பா. எங்கள் அணியின் லவ்ரியை அவர் எத்தனை வருஷம் திட்டியிருப்பார் என்று உனக்குத் தெரியும். ஏப்ரலில் ஓர்லாண்டோவோடு முதல் ஆட்டத்தில் லவ்ரி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. நாங்களும் 104-101 என்று தோற்றோம். கடைசியில் எங்களுக்கு அடித்தது, ஒரு காலத்தில் எங்களிடமே ஆடிய ஓகஸ்டின். அப்பா எழும்பி நின்று, "பெரிய ஆட்டம் எண்டால் இவனுக்குக் கை நடுங்கும், இவனைக் கொடுத்துத் தொலைக்க வேணும்" என்றார். அதே லவ்ரிதான் ஜூன் 13 அன்று இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில், ஓக்லண்டில், கோல்டன் ஸ்டேட் அணியின் சொந்த அரங்கில், ஆட்டம் தொடங்கின கையோடு பந்துக்கு மேல் பந்தாகப் போட்டான். அன்று அவனுக்கு 26 புள்ளிகள். அப்பா ஞாயிற்றுக்கிழமை சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "நான் அவன் போட்ட பந்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தன். முட்டிக்கொண்டு வாறவனுக்கு முன்னால் நெஞ்சைக் கொடுத்து நின்று எத்தனை தரம் விழுந்து எழும்பினவன் எண்டு எண்ணேல்லை" என்றார்.

உன் தங்கச்சி, எங்கள் அணியின் வான்வ்லீட்டைப் பற்றிச் சொன்னாள். பிலடெல்பியாவோடு ஆடியபோது அவனுக்கு ஒரு பந்தும் விழாததால், "இவனை வெளியில் இருத்துங்கோ" என்று கத்தியவள் அவள். மே 20 அன்று அவனுக்கு மகன் பிறந்தான். மூன்று நாள் கழித்து மில்வாக்கியில் ஒன்பது தரம் தூரத்திலிருந்து எறிந்து ஏழு தரம் போட்டான். 2016இல் எந்த அணியும் பெயர் சொல்லி எடுக்காமல் விட்ட பெடியன் அவன். கடைசி ஆட்டத்தின் கடைசிக் குவாட்டரில் மட்டும் 12 புள்ளிகள் எடுத்தான். இனி யாரையும் இருத்தச் சொல்ல மாட்டேன் என்றாள் தங்கச்சி.

இப்படி ஒவ்வொருவராகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் நீ எடுத்தாய். என்னிடமும் கேட்டார்கள். "டிரோசனை வேற அணிக்குக் கொடுத்தது பிழை எண்டு சொன்னனான், கொடுத்தது சரிதான் எண்டு இப்ப விளங்குது" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். நான் அதில் பாதியைத்தான் சொன்னேன்.

டிரோசனை எனக்கு ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று நீ யோசித்ததுண்டா? 2009இல் அவன் இங்கே வந்தபோது அவனுக்கு இருபது வயது. உனக்குப் பதினாறு. அந்த மாரி முழுக்க நீ காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துக்கொண்டு சோபாவில் கிடந்தாய். பக்கத்தில் இருந்து நான் உன்னோடு பார்த்த முதல் சீசன் அதுதான். அதற்கு முன் கூடைப்பந்து எனக்கு வெறும் சத்தம். அடுத்த கோடையில் அணியின் பெரிய ஆட்டக்காரன் பொஷ் விட்டுப்போனபோது, கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தச் சின்னப் பெடியன் எழுதினான். சொன்னபடியே இருந்தான். 2016இல் வேறு எந்த அணியோடும் பேசக்கூடப் போகாமல் இங்கேயே திரும்பக் கையெழுத்து வைத்தான். இந்த ஊருக்கு வந்தவர்களில் பலர் குளிர் என்றும் வரி என்றும் சொல்லிப் போயிருக்கிறார்கள். போகாமல் இருந்தவன் அவன். எங்களைப் போல வந்து குடியேறியவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

போன வருஷம் ஜூலை 18ஆம் திகதி அவனையும் பொல்டிலையும் சான் அந்தோனியோ அணிக்குக் கொடுத்து, அங்கிருந்து லெனர்டையும் டானி கிரீனையும் வாங்கினார்கள். நான் அன்று சமைக்கவில்லை. நீ கல்கரியில் இருந்து எடுத்து, "அம்மா, இதை விட்டால் வேற வழி இல்லை, மூன்று வருஷமா லெப்ரோன்ர அணியிட்டத் தோற்றம்" என்றாய். நான் உன்னோடு கோபித்துக்கொண்டு ரெலிபோனை வைத்தேன். 59 ஆட்டம் வென்று கொடுத்த கேசியை மே மாதத்தில் அனுப்பினார்கள். ஜூனில் அந்த வருஷத்தின் சிறந்த பயிற்சியாளர் என்று அவருக்கே விருதும் கிடைத்தது. இப்போது டிரோசனும். அணியை நடத்திய மசாய் உஜிரிக்கு மனுசரை மதிக்கத் தெரியாது என்று நான் சொன்னேன்.

அணியைப் பற்றி நீ சொன்னது சரி, நான் சொன்னது பிழை. அதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிரோசனுக்காக அழுதது பிழை இல்லை, தம்பி. கிண்ணம் வந்துவிட்டது என்பதற்காக அவனுக்கு வலிக்காமல் போய்விடாது. உஜிரியே அவனிடமும் அவன் குடும்பத்திடமும் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டார். பெப்ரவரியில் அவன் சான் அந்தோனியோவோடு திரும்பி வந்தபோது அரங்கம் முழுக்க எழும்பி நின்றதை நீயும் பார்த்திருப்பாய். முன்பு எங்களை விட்டுப்போன வின்ஸ் கார்ட்டருக்கு அப்படி எழும்பி நிற்க இந்த ஊருக்குப் பத்து வருஷம் பிடித்தது. அவன் பந்தைத் தொடுகிற ஒவ்வொரு தரமும் ஊளையிட்டார்கள். 2014இல் அவனுடைய பழைய ஆட்டங்களைத் திரையில் காட்டியபோதுதான் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், அவன் கண்ணைத் துடைத்தான். டிரோசனுக்கு அவ்வளவு காலம் எடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் திருந்தியிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

சரி, இனித்தான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன்.

கவாய் லெனர்டை நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் அதற்கு முந்திய வருஷம் தொடையில் நோ என்று ஒன்பதே ஒன்பது ஆட்டம்தான் ஆடினான். அங்கே அணியின் வைத்தியர்கள் ஆடலாம் என்றார்கள். அவன் தன்னுடைய வைத்தியர்களைக் கேட்டு, ஏலாது என்று இருந்துவிட்டான். பேப்பரில் எல்லாம் அவனுக்கு மனம் இல்லை, போக விருப்பம், அதுதான் நாடகம் என்று எழுதினார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். இங்கே வந்த பிறகும் அவன் 82 ஆட்டத்தில் 22 ஆட்டம் ஆடவில்லை. களைப்பைக் கட்டுப்படுத்துகிறார்களாம் என்று ரீவியில் சொன்னபோது, "நான் முப்பது வருஷம் நின்று வேலை செய்யிறன், எனக்கு ஆர் களைப்பைக் கட்டுப்படுத்தினது?" என்று கேட்டேன். நீ அப்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். "உள்ளுக்குள்ள இருக்கிற நோ வெளியில தெரியாது அம்மா."

அதைச் சொல்லிவிட்டு நீ வேறு கதைக்குப் போய்விட்டாய். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

இருத்தி இருத்திக் காப்பாற்றிய அந்தக் கால்தான் கிண்ணத்துக்கான பிளேஓஃபில் 24 ஆட்டமும் ஆடியது. பிலடெல்பியாவோடு ஏழாவது ஆட்டத்தில், 90-90 என்று நிற்கும்போது, மூலையில் இருந்து எம்பீடின் கைக்கு மேலால் அவன் எறிந்த பந்து வளையத்தில் நாலு தரம் துள்ளியதே, அது துள்ளிய நேரம் முழுக்க நான் மூச்சு விடவில்லை. விழுந்ததும் கத்தினேன். பதினெட்டு வருஷத்துக்கு முன் இதே பிலடெல்பியாவோடு, இதே ஏழாவது ஆட்டத்தில், வின்ஸின் பந்து விழாமல் போன அன்று நீ அழுதுகொண்டே படுத்தது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் லெனர்டிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியது ஜூன் 10ஆம் திகதி. இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டம், இங்கே ரொறன்ரோவில். வென்றால் அன்றே கிண்ணம். கோல்டன் ஸ்டேட்டின் டுராண்ட் கெண்டைக்காலில் காயம்பட்டு ஒரு மாதம் ஆடாமல் இருந்தவன். அவனையும் இதே கேள்விதான் கேட்டார்கள், உண்மையில் நோகிறதா, இல்லையா என்று. அன்று இறங்கினான். 12 நிமிஷத்தில் 11 புள்ளி எடுத்தான். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இரண்டாம் குவாட்டரில் பந்தோடு திரும்பியவன் அப்படியே நின்று, நிலத்தில் இருந்துகொண்டு, குதிக்காலுக்கு மேலே பிடித்துக்கொண்டான்.

அரங்கத்தில் ஒரு கூட்டம் ஆரவாரம் செய்தது. சிலர் போய் வா என்று கை காட்டினார்கள். நானும் வீட்டில் கைதட்டினேன், தம்பி. "நல்லது" என்றேன். அதைச் சொன்ன வாய் என்னுடையதுதான்.

லவ்ரியும் இபாக்காவும் கிரீனும் சனங்களைப் பார்த்துக் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினார்கள். அப்புறம் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு மரியாதை செய்தார்கள். அதுவரை என்னுடைய கை தட்டியபடிதான் இருந்தது. தங்கச்சி ஒன்றும் பேசாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு உன்னுடைய முழங்கால் ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூட ஆட்டத்தில் விழுந்து நீ நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாள். நான் வேலையால் வந்து களைத்துப்போய் இருந்தேன். வீக்கம் பெரிதாக இல்லை. "மற்றப் பக்கத்துப் பெடியன்ர அம்மா ஓடிவந்து ஐஸ் வைச்சுக் கட்டிவிட்டவ" என்று நீ சொன்னாய். நான் அதைக் காதில் வாங்கவில்லை. அடுத்த நாள் கணக்கு ரியூசன் இருந்தது. அதுக்குப் போகாமல் இருக்கத்தான் நீ சாட்டுச் சொல்கிறாய் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் சொல்லியும் விட்டேன். மூன்று கிழமை உன்னைப் பனியில் பஸ்ஸுக்கு நடக்க வைத்தேன். படி இறங்கும்போது நீ சுவரைப் பிடிப்பதைக் கண்டும், என் கண்ணுக்கு முன்னால் நடிக்கிறாய் என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு எம்.ஆர்.ஐ எடுத்தபோது உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள். ஒப்பரேஷன் செய்தார்கள். நீ அதற்குப் பிறகு அணியில் ஆடவில்லை.

அந்தத் தாய், பெயர்கூட எனக்குத் தெரியாது, தன்னுடைய மகனோடு மோதி விழுந்த பிள்ளைக்கு ஐஸ் கட்டிவிட்டவ. உன்னுடைய தாய் உன்னை நம்பவில்லை.

நான் உன்னிடம் இதற்கு ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு சூப் வைத்துத் தந்தேன், ரீவிக்கு முன்னால் உன்னோடு இருந்து டிரோசனைப் பார்த்தேன், அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். போதாது. அன்று உன்னை நான் நம்பாமல் விட்டது பெரிய பிழை. என்னை மன்னித்துக்கொள், ராசா.

ஆறாவது ஆட்டத்தில் அவர்களுடைய கிளே தொம்சன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது நான் தட்டவில்லை. உள்ளே போகப் போனவன் திரும்பி வந்து, இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிட்டுத்தான் போனான். சவ்வு கிழிந்த காலோடு. அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் நான் குசினிக்குள் போய் நின்றேன். 114-110 என்று வென்றதும் தெருவில் கார் ஹோர்ன் சத்தம் கேட்டது. தங்கச்சி வந்து கட்டிப்பிடித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு உன்னோடுதான் முதலில் கதைக்க வேண்டும் போல இருந்தது. நீ எடுத்தபோது "வென்றிட்டம், வென்றிட்டம்" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

ஊர்வலத்துக்கு நானும் தங்கச்சியும் போனோம். சனத்துக்குள் பஸ் நகர முடியாமல் மணித்தியாலக் கணக்காய் நின்றது. லெனர்டைத் தூரத்தில்தான் கண்டோம். துப்பாக்கிச் சூடு நடந்த நேரம் நாங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தோம், பயப்படாதே.

லெனர்ட் இருப்பானா, போவானா என்று இங்கே எல்லோரும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மாமா இருப்பான் என்கிறார், அப்பா போய்விடுவான் என்கிறார். இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. போனாலும் அவனை ஊளையிட மாட்டேன்.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டு அன்ரியின் மகன் கல்கரிக்கு வருகிறான். அவனிடம் மிளகாய்த்தூளும், மாமி பொரித்த ரோல்ஸில் பத்தும், உனக்கு ஒரு ராப்டர்ஸ் சேர்ட்டும் கொடுத்துவிடுகிறேன். நோவுக்குப் பூசுகிற சித்தாலேப போத்தல் ஒன்றும் வைத்திருக்கிறேன். அங்கே குளிருக்கு முழங்கால் இன்னும் குத்துகிறதா? படி ஏறும்போதா, இறங்கும்போதா? ஒன்றும் இல்லை என்று எழுதாதே. எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது.

அன்புடன்,
அம்மா