சார்வாளுக்கு வயது 103

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியின் பழைய தலைமையாசிரியர் காலமான செய்தியைப் போன வாரம் போட்டிருந்தீர்கள், நன்றி. அதில் வயது 101 என்று இருந்தது. தவறு உங்கள் மேல் இல்லை, பென்ஷன் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. சார்வாள் பிறந்தது துந்துபி வருஷம் ஐப்பசி மாதம், அதாவது 1922. 103 நடந்துகொண்டிருந்தது. அவரைப் பள்ளியில் சேர்த்த வாத்தியார் எழுதிவைத்த தேதி 1-6-1924.

ஜாதக ஓலையை நானே பார்த்திருக்கிறேன். 1992 நவம்பரில் தாமிரபரணி வெள்ளம் வீட்டுக்குள் வந்து ட்ரங்குப் பெட்டி மூழ்கியதில் காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. ஓலையை மட்டும் துடைத்து நிழலில் காயப்போட்டார். ஒரு எழுத்துகூட அழியவில்லை.

எங்களைப் பள்ளியில் சேர்க்கும்போதும் சார்வாள் அப்படித்தான் உத்தேசமாகப் பிறந்த தேதி போட்டார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. "எப்போ பிறந்தான்?" என்று கேட்டதற்கு என் அம்மா, "பிசான நடவு சமயம் சார்வாள்" என்றாள். பிறப்பைப் பதிய எங்கள் தெருவில் யாரும் போகாத காலம். ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார். எங்கள் வகுப்பில் சர்க்கார் வேலைக்குப் போன மூன்று பேரும் 2008 மே 31 சாயங்காலம் ஒன்றாக ஓய்வு பெற்றோம்.

அவருக்கு 58 முடிந்ததென்று 1982 மே மாதம் ஓய்வு கொடுத்தார்கள். அந்த ஐப்பசியிலேயே குறுக்குத்துறை முருகன் கோவிலில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. "ஒன்றரை வருஷச் சம்பளம் கூடுதலா வாங்கிட்டேன்டே" என்று மனசு கேட்காமல் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்புறம் வீட்டுத் திண்ணையில் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார். ஒன்றரை வருஷம் என்று கணக்கு வைத்துத்தான் தொடங்கினார், கண் மங்கும்வரை நடத்தினார். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. பதினாறாம் வாய்ப்பாடு தடுமாறாமல் வரும்வரை பிள்ளைகளை எழுந்துபோக விடமாட்டார்.

ஓய்வூதியருக்கு நூறு வயதானால் அடிப்படை ஓய்வூதியம் எவ்வளவோ அவ்வளவு தொகை கூடுதலாக உண்டு. ஜாதகப்படி 2022-லேயே அவருக்கு நூறு முடிந்துவிட்டது. தேதியைத் திருத்த மனுப் போடுவோமா என்று மகன் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். "அந்தத் தேதியக் காட்டித்தானல சம்பளம் வாங்கினேன். இப்போ பணத்துக்காக மாத்தினா நியாயமா?" என்றார். 2024 ஜூன் வரை பொறுத்திருந்துதான் வாங்கினார். தபால்காரர் உயிர்வாழ் சான்றுக்காகக் கருவியோடு வீட்டுக்கு வந்தபோது தேய்ந்த விரலில் ரேகை பதியவில்லை. பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கும்வரை அலுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் நாளிதழில் 103 என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். பென்ஷன் புத்தகம் இருக்கிறபடியே இருக்கட்டும், அதை அவர் திருத்த விரும்பவில்லை.

இப்படிக்கு,
சார்வாளிடம் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன்,
வீரவநல்லூர்.