மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்: எல்லோருக்கும் என் நன்றி

ஊர்க்காரர்களுக்கும் எங்கள் நடுநிலைப் பள்ளி டீச்சர்மாருக்கும் வணக்கம்.

நேற்று டி.சி.யைக் கொடுத்து மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டு, திரும்பி வர பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூச்சே வந்தது. கார்த்திகையிலிருந்து எங்கள் வீடு பட்டபாடு உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. நான் சொல்லச் சொல்ல அண்ணன் மகள் போனில் தட்டுகிறாள். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

முதல் நன்றி கணக்கு டீச்சருக்கு. அதுவும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்காக.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தபோது தோட்டத்தில் நின்றேன். இடுப்பில் கட்டியிருந்த பூ மடியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, காலில் சேறோடு போனேன். பள்ளிக்கூடம் கூப்பிட்டால் என்ன என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். மேஜைக்கு எதிரே நிற்க வேண்டும். சொல்வதையெல்லாம் கேட்டு “சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்” என்று தலையாட்ட வேண்டும். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். மூத்தவன் படித்த இடத்தில் வராண்டாவைத் தாண்டி என்னை யாரும் உள்ளே கூப்பிட்டதுகூட இல்லை.

டீச்சர் எழுந்து போய் ஹெச்.எம். அறையிலிருந்து நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அதிலிருந்த சாக்பீஸ் தூசியைக் கையால் தட்டிவிட்டு, “உக்காருங்கக்கா” என்றார். காலெல்லாம் சேறு என்றேன். “தரைதானே, கழுவிக்கலாம்” என்றார். அவரும் மேஜைக்கு அந்தப் பக்கம் போகாமல், ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

புகார் வரும் என்று காத்திருந்தேன். கேள்விதான் வந்தது. “காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கிறா? வீட்டுல யார்கிட்ட மனசு விட்டுப் பேசுவா? யாரும் சொல்லாமலே அவளா செய்யற வேலை என்ன?”

சொன்னேன். மாசி பிறந்தால் மல்லி கொட்டும். இருட்டோடு போய் மொட்டாகவே பறித்து, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு வண்டி கிளம்பும் முன் சேர்த்தாக வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு விரிந்து விலை இறங்கிவிடும். பரீட்சை நெருங்குவதும் அதே மாதங்களில்தான். எந்த மகராசன் வைத்த கணக்கோ! எட்டாவது படிக்கிற பிள்ளை விடியுமுன் என்னோடு குனிந்து நிமிர்ந்துவிட்டு வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்பது டீச்சருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது கேள்விக்கு நோட்டைப் பற்றிச் சொன்னேன். யார் எத்தனை கிலோ பறித்தார்கள், யாருக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது, மார்க்கெட்டில் கமிஷன் எவ்வளவு பிடித்தார்கள், எல்லாம் அவள் கையெழுத்துதான். டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சதவீதக் கணக்கு இவ தலையில ஏற மாட்டேங்குதுன்னு நான் மண்டையை உடைச்சுக்கிறேன். இவ வீட்டுல கமிஷன் கணக்கு எழுதறாளா!” மறுநாள் அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, பாடத்தையே அதிலிருந்து நடத்தினாராம். அந்த வாரமே ஒரு சீட்டை நீட்டி, “இதுல கமிஷன் கூடுதலா பிடிச்சிருக்காங்கம்மா” என்று மகள் எனக்குக் காட்டினாள்.

அப்புறம் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. பிரேயர் முடிவதற்குள் அவள் வராவிட்டால் டீச்சரிடமிருந்து எனக்கு மிஸ்டு கால் வரும். உடனே அவளைத் தோட்டத்திலிருந்து கிளப்பி அனுப்புவது என் பொறுப்பு. தூக்கக் கலக்கத்தோடு வந்தால் திட்டாமல் முகம் கழுவிவிட்டு வரச் சொல்வது அவர் பொறுப்பு. இதற்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை, என்னுடைய பட்டன் போனே போதுமாக இருந்தது.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். ஹெச்.எம். சார் வீட்டுக்கே வந்து, ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, காலேஜ் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும் என்று என் மாமியாருக்குப் புரிய வைத்தார். “எனக்கு வருது அப்பத்தா” என்று சாட்சி சொன்னது, இதைத் தட்டிக்கொண்டிருப்பவள்தான். மூன்றாவது படிக்கிற சின்னவனுக்குப் பள்ளியிலேயே காலையில் பொங்கலும் கிச்சடியும் கிடைக்கிறது. 2022-இல் அந்தக் காலை உணவுத் திட்டத்தை முதன்முதலில் தொடங்கியது நம் மதுரையில்தான். காலை அடுப்பு மிச்சமானதால்தான் என்னால் தோட்டத்து வேலையை விடாமல் இருக்க முடிந்தது. சமைத்துப் போடும் அக்காமாருக்கும், மகள் வராத நாளில் கூலியைக் குறைக்காத தோட்டக்காரருக்கும், ஷேர் ஆட்டோ தம்பிக்கும், எதிர்வீட்டு மதினிக்கும் என் கும்பிடு.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறதாம். இதுவும் ஹெச்.எம். சொல்லித்தான் தெரியும். பெரியவர்கள் கூடி டீ குடிக்கிற கூட்டம் என்றுதான் பூக்காட்டில் நாங்கள் பேசிக்கொள்வோம். யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்னவன் இன்னும் அங்கேதான் படிக்கிறான், அதனால் அடுத்து குழு அமைக்கும்போது என் பெயரையும் கொடுப்பேன்.

அதுவரை சும்மா இருக்கப் போவதில்லை. எங்கள் பள்ளி எட்டாவதோடு முடிகிறது. ஒன்பதாவதுக்கு வேறு ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். பிள்ளைகள் நழுவிப் போவது அந்த இடத்தில்தான். பழைய பள்ளிக்கூடத்துக்கு டி.சி. கொடுத்ததோடு வேலை முடிந்தது, புதுப் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பிள்ளை யாரென்றே தெரியாது. இந்த வருடம் டி.சி. வாங்கியவர்கள் பட்டியலை ஹெச்.எம்.மிடம் கேட்டிருக்கிறேன். யார் சேர்ந்தார்கள், யார் சேரவில்லை என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கப் போகிறேன். வலையங்குளம் பக்கம் எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குப் பூப்பறிக்கக் கிளம்புகிறது என்பது எனக்குத் தெரியும். கூட வருகிற அம்மாமார் சாயங்காலம் பூக் கட்டுகிற நேரத்தில் வீட்டுக்கு வாருங்கள், எந்தத் தெருவில் ஆரம்பிக்கலாம் என்று பேசுவோம்.

இப்படிக்கு,
ஒரு பூக்காட்டு அம்மா