பெட்டகத்தில் கிடக்கும் ‘யங் இண்டியானா ஜோன்ஸ்’ இசை: லூகாஸ்ஃபிலிமுக்கும் டிஸ்னிக்கும் ஒரு திறந்த மடல்

லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தாருக்கும் டிஸ்னி இசைப்பிரிவின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

‘தி யங் இண்டியானா ஜோன்ஸ் கிரானிக்கிள்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்காக எழுதி, ஆர்கெஸ்ட்ராவை உட்காரவைத்து ஒலிப்பதிவு செய்த பின்னணி இசையில் பெரும்பகுதி இன்றுவரை தனி இசையாக வெளிவரவில்லை. அதை வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். வெளியிட இப்போது தோதுப்படாது என்றால், மூல நாடாக்களையாவது தேடியெடுத்து, பழுது பார்த்து, டிஜிட்டலுக்கு மாற்றி வையுங்கள். இரண்டில் பின்னதுதான் அவசரம்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். பாட்டைவிடப் பின்னணி இசைக்காகவே ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள் எங்களில் ஏராளம். பாட்டுகள் மட்டும் இசைத்தட்டில் வந்து, பின்னணி இசை படத்துக்குள்ளேயே தங்கிவிடும் வருத்தம் எங்களுக்கு மிகப் பழகிய ஒன்று. அதனால் இந்தக் கோரிக்கையின் நியாயம் தமிழ் ரசிகர்களுக்குச் சட்டெனப் புரியும். அவர்களும் உங்களுக்கு எழுதுவார்கள் என்று நம்புகிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ‘இண்டி’ என்று அழைக்கப்படும் இண்டியானா ஜோன்ஸ், சாகசத் திரைப்படங்களின் நாயகன்; அவனுடைய இளமைக்காலத்தைச் சொல்ல ஜார்ஜ் லூகாஸ் உருவாக்கிய இந்தத் தொடர் 1992 மார்ச்சில் ஏபிசி அலைவரிசையில் தொடங்கியது. 1993இல் அங்கே நின்றுபோனது. பிறகு 1996 வரை தொலைக்காட்சிப் படங்களாக நான்கு வந்தன. சிறுவன் ‘இண்டி’யாகக் கோரி கேரியர், இளைஞன் ‘இண்டி’யாக ஷான் பேட்ரிக் ஃபிளானரி, 93 வயதுக் கிழவராக ஜார்ஜ் ஹால். திரைப்படங்களில் வரும் சாட்டையும் தொப்பியும் இங்கே பின்னால் போய்விடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஒரு பையன் ஊர் ஊராகப் போய் அந்தக் காலத்து மனிதர்களைச் சந்திக்கிறான். 1908 வியன்னாவில் ஃபிராய்ட், 1909 கிழக்கு ஆப்பிரிக்காவில் தியோடர் ரூஸ்வெல்ட், 1916இல் முதல் உலகப்போரின் வெர்டன் போர்முனை, அதே ஆண்டு அயர்லாந்தின் ஈஸ்டர் எழுச்சி, 1917இல் புரட்சி மூண்டிருக்கும் ரஷ்யாவின் பெட்ரோகிராட், 1920இல் சிகாகோவின் ஜாஸ் விடுதிகள். 1910 காசியில் நடக்கும் கதையில் அன்னி பெசன்ட் வருகிறார், ஜே. கிருஷ்ணமூர்த்தி சிறுவனாக வருகிறார். அடையாற்றுக் கடற்கரையில் 1909இல் தியோசபிகல் சங்கத்தின் லெட்பீட்டர் கண்ணில் பட்ட அதே கிருஷ்ணமூர்த்திதான். ஒரு ஹாலிவுட் சாகசத் தொடரில் அவரைப் பார்க்கத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்படிப்பட்ட தொடருக்கு இசை எழுதுவது லேசான காரியமாக இருந்திருக்காது. வாராந்தரத் தொடர்களில் ஒரு வழக்கம் உண்டு: துரத்தலுக்கு ஒன்று, சோகத்துக்கு ஒன்று, வெற்றிக்கு ஒன்று என்று சில துண்டுகளை ஒலிப்பதிவு செய்துகொண்டு, வேண்டிய இடத்தில் எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். ஊரும் காலமும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும் கதையில் அது நடக்காது. வியன்னாவின் சிறுவயதுக் காதலுக்கு எழுதியதைக் கொண்டுபோய் வெர்டன் பதுங்குகுழியில் வைக்க முடியுமா? ஆக, ஒவ்வொரு கதைக்கும் ஒரு சிறிய திரைப்படத்துக்கு எழுதுவதுபோலவே எழுத வேண்டியிருந்தது.

அந்தச் சுமையைப் பெரும்பாலும் சுமந்தவர்கள் இரண்டு பேர். லாரன்ஸ் ரோசன்தால் 1926இல் பிறந்தவர். பாரிஸில் புகழ்பெற்ற இசை ஆசிரியை நாதியா பூலான்ஜேயிடம் பயின்றவர். 1964இல் வந்த ‘பெக்கெட்’ படத்தின் இசைக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். ஜோயல் மெக்நீலி அவருக்கு ஒரு தலைமுறைக்கும் மேல் இளையவர். அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். ஜான் வில்லியம்ஸ் திரைப்படங்களுக்குக் கொடுத்த ‘மார்ச்’ என்னும் அணிநடை இசை உலகமே முணுமுணுக்கும் மெட்டாக இருந்தபோது, அதன் மேல் சாய்ந்துகொள்ளாமல் இந்தத் தொடருக்கென்றே புதிதாக ஒரு முகப்பு இசையை எழுதினார் ரோசன்தால். அந்தத் துணிச்சலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மெக்நீலி, 1920 நியூயார்க் நாடக உலகில் நடக்கும் கதைக்கு எழுதிய இசைக்காக 1993இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றார். அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வின் ஒரு பாத்திரமாகவே வரும் கதை அது. அவர் பெயரைச் சொன்னாலே காதில் ஒரு இசை ஒலிக்கும். அதற்குள் தன் இசையை நுழைத்து எழுதி விருதும் வாங்குவது சின்ன விஷயமா? ரோசன்தாலுக்கும் இந்தத் தொடரின் இசை எம்மி வாங்கித் தந்தது. விருது பெற்ற இசையையே மக்கள் வசனத்துக்கு அடியில்தான் கேட்க வேண்டும் என்ற நிலை ஏன்?

ஒன்றுமே வெளிவரவில்லை என்று சொல்வது நியாயமாகாது. தொண்ணூறுகளின் முதற்பாதியில் வரேஸ் சரபாண்ட் நிறுவனம் நான்கு குறுந்தகடுகளை வெளியிட்டது. அவற்றைக் கொண்டுவந்தவர்களுக்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு குறுந்தகட்டில் அதிகம் போனால் 80 நிமிடம் அடங்கும். நான்கையும் விளிம்புவரை நிரப்பியிருந்தால்கூட ஐந்து மணி இருபது நிமிடம்தான் வரும். தொடரோ, இன்று நீங்கள் தொகுத்து வைத்திருக்கும் வடிவத்தில், 22 அத்தியாயங்கள்; ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அந்தத் தகடுகளே வெளிவந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. 2008இல் இண்டியானா ஜோன்ஸ் இசையை ஐந்து குறுந்தகடுகளாகப் பெட்டியில் வைத்து விற்றார்கள். அது திரைப்படங்களின் இசை மட்டும். தொடருக்கு அதில் இடமில்லை.

அந்த 22 அத்தியாய வடிவத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னை அதிகம் உறுத்துவது இதுதான். ஏபிசியில் வந்தபோது ஏறக்குறைய ஒவ்வொரு கதையும் கிழவர் இண்டியின் பேச்சோடு தொடங்கி அவர் பேச்சோடு முடிந்தது. பின்னால் இரண்டிரண்டு கதைகளைச் சேர்த்துப் படமாக மாற்றியபோது அந்தப் பகுதிகள் வெட்டப்பட்டன. 2007, 2008ஆம் ஆண்டுகளில் வந்த டிவிடி பெட்டிகளிலும் அவை இல்லை. 2023இல் டிஸ்னி பிளஸ்ஸில் ஏறியதும் வெட்டிய வடிவம்தான். படத்தொகுப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது படைத்தவரின் உரிமை. ஆனால் வெட்டிய காட்சியோடு அதற்கு எழுதிய இசையும் போய்விட்டது. ஒரு கதையின் கடைசி ஸ்வரம் எங்கே இறங்க வேண்டும் என்று யோசித்து எழுதியிருப்பார்கள். அந்த இடத்தில் இப்போது அடுத்த கதையின் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறது. மற்ற இசையையாவது வசனத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும் நடுவே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கலாம். இதைக் கேட்க இன்று முறையான வழியே இல்லை. எங்கோ யாரோ பழைய வீடியோ நாடாவில் பதிந்து வைத்திருந்தால் உண்டு.

நாடா என்றதும் அவசரத்தின் காரணத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் புழங்கியவை அகலமான காந்த நாடாக்களும் டாட் என்ற சிறிய டிஜிட்டல் நாடாக்களும். காந்த நாடாவில் காந்தத் துகளை ஒட்டிவைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் பிசுபிசுக்கத் தொடங்கும். அப்படியே கருவியில் ஓட்டினால் துகள் உரிந்து வந்துவிடும். இசையும் அதோடு போகும். மிதமான சூட்டில் பல மணி நேரம் பதமாக வாட்டி எடுத்தால்தான் ஒருமுறை ஓட்டிப் படியெடுக்க முடியும். டாட் நாடாவின் தொல்லை வேறு. அதை ஓட்டும் கருவியையே இப்போது யாரும் செய்வதில்லை. சோனி 2005இல் கைவிட்டுவிட்டது. இருக்கிற கருவிகள் தேய்கின்றன, அவற்றைச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் வயதாகி ஓய்வு பெறுகிறார்கள். இந்த வேலையில் பத்து ஆண்டு தள்ளிப்போடுவது பத்து ஆண்டு இழப்பு.

தள்ளிப்போட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஹாலிவுட்டுக்கே நன்றாகத் தெரியும். எம்ஜிஎம் ஸ்டூடியோ தன் பொற்காலத்து இசைப்படங்களின் ஆர்கெஸ்ட்ரா இசைக்குறிப்புகளை, இடத்தை அடைக்கிறது என்று குப்பையில் கொட்டியது. பல ஆண்டுகள் கழித்து ஜான் வில்சன் என்ற பிரிட்டிஷ் நடத்துநர் படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த வாத்தியம் எந்த ஸ்வரத்தை வாசிக்கிறது என்று காதாலேயே பிரித்தெடுத்து எழுத வேண்டி வந்தது. 2009இல் லண்டனில் நடந்த ‘புரோம்ஸ்’ (Proms) இசை விழாவில் அந்த இசை மேடையேறியபோது அரங்கம் கொண்டாடித் தீர்த்தது. ஒரு மனிதர் தன் உழைப்பில் பல ஆண்டுகளைக் கொட்டிச் செய்த வேலை அது. குப்பைக்குப் போகாமல் ஒரு அலமாரியில் இருந்திருந்தால் அந்த உழைப்பே வேண்டியதில்லை. 2008 ஜூனில் யுனிவர்சல் வளாகத்தில் பிடித்த தீயில் ஒரு பெட்டகம் நிறைய இசை மூலநாடாக்கள் எரிந்தன. அது இசை உலகத்துக்கு முழுதாகத் தெரியவந்ததே 2019இல்தான்.

உங்கள் பக்கத்துச் சிரமங்களும் எனக்குத் தெரியும். தொலைக்காட்சிக்காக வாசித்ததை இசைத்தட்டாக விற்றால், இசைக்கலைஞர் சங்க ஒப்பந்தப்படி வாசித்த கலைஞர்களுக்கு மறுபடியும் ஊதியம் கொடுக்க வேண்டியிருக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பல திரையிசைத் தட்டுகள் அரை மணி நேரத்தோடு நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஊதியத்தைக் குறைக்கச் சொல்லி நான் ஒருபோதும் கேட்கமாட்டேன். ஒரு வயலின்காரரின் உழைப்பு இரண்டாம் முறை விற்கப்படும்போது அவருக்கு இரண்டாம் முறை பணம் போவதுதான் முறை. நான் சொல்வது, இந்தச் செலவைக் கணக்கில் எடுத்துக்கொண்டே இதைவிடப் பெரிய வேலைகள் நடந்திருக்கின்றன என்பதைத்தான்.

2010இல் ஃபிலிம் ஸ்கோர் மன்த்லி நிறுவனம், ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடருக்கு ரான் ஜோன்ஸ் எழுதிய இசையை மட்டும் 14 குறுந்தகடுகளாகக் கொண்டுவந்தது. 2012இல் லா-லா லேண்ட் ரெக்கார்ட்ஸ், அறுபதுகளின் முதல் ‘ஸ்டார் டிரெக்’ தொடருடைய இசையை 15 தகடுகளில் வெளியிட்டது. அந்த நாடாக்களுக்கு அப்போதே நாற்பது வயதுக்கு மேல். டிஸ்னிக்கும் இது புதிதில்லை: ‘தி பிளாக் ஹோல்’ படத்தின் இசையை 2011இலும் ‘தி ராக்கெட்டியர்’ படத்தின் முழு இசையை 2016இலும் இன்ட்ராடா நிறுவனம் வெளியிட வழிவிட்டவர்கள் நீங்கள்தான். சில ஆயிரம் படிகள் போட்டு, கையேட்டில் ஒவ்வொரு துண்டின் வரலாற்றையும் எழுதி, அக்கறையோடு செய்யும் சிறிய நிறுவனங்கள் இருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது நாடாவைக் கொடுப்பதும் கையெழுத்துப் போடுவதும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்கவில்லை. எம்மி பெற்ற கதைகளின் இசையில் தொடங்குங்கள். அதற்கு விளம்பரமே தேவையில்லை. பிறகு போர்க்காலக் கதைகளை ஒரு தொகுதியாக, சிறுவன் இண்டியின் பயணங்களை ஒரு தொகுதியாகக் கொடுக்கலாம். தகடு போடுவது கட்டுப்படியாகாது என்றால் டிஜிட்டலாக மட்டும் வெளியிட்டாலும் வாங்குவோம். வெட்டுப்பட்ட முகப்பு, முடிவுப் பகுதிகளின் இசையை மட்டும் எந்தத் தொகுதியிலும் விட்டுவிடாதீர்கள். ஏதாவது ஓர் அத்தியாயத்துக்கு மூல நாடா கிடைக்காமல் போகலாம். அப்போது, வேற்றுமொழி டப்பிங்குக்காக வசனம் நீக்கி வைத்திருக்கும் ஒலித்தடத்தைப் பாருங்கள். குதிரைக் குளம்படியும் கதவுச் சத்தமும் அங்கங்கே கலந்திருக்கும். பரவாயில்லை, அதையும் கேட்போம். ரோசன்தாலும் மெக்நீலியும் கையால் எழுதிய இசைத்தாள்கள் உங்களிடம் இருந்தால், அவற்றையும் படியெடுத்து ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படையுங்கள். இசை பயிலும் பிள்ளைகளுக்கு ஒரு முழுப் பாடத்திட்டமே அதில் இருக்கிறது.

இந்த மடலுக்குப் பதிலாகப் பெரிய அறிவிப்பு எதையும் எதிர்பார்க்கவில்லை. நாடாக்கள் எங்கே இருக்கின்றன, எத்தனை அத்தியாயங்களுக்கு இருக்கின்றன, என்ன நிலையில் இருக்கின்றன என்ற மூன்று கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லுங்கள். பெட்டகத்துக்கு ஓர் ஆளை அனுப்பினால் தெரிந்துவிடும்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்கள் தொடரின் தமிழ் ரசிகன்