இணையக் கோரிக்கைகளுக்குக் காலவரம்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணம் செலுத்தும் பக்கத்தில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும்போது, காத்திருப்பவர் பெரும்பாலும் தம் இணைய இணைப்பையே நொந்துகொள்கிறார். பல நேரங்களில் கோளாறு அங்கே இல்லை. மறுமுனைக் கணினியான சர்வருக்கு அனுப்பிய கோரிக்கையின் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது, கைவிட்டால் அதை யாருக்கெல்லாம் தெரிவிப்பது என்பதை நிரல் எழுதியவர்கள் தீர்மானிக்காமல் விட்டதே காரணம். இத்துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் இதைப் பொதுவெளியில் சொல்ல விரும்புகிறேன்.

காலவரம்பைக் கருவியே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் பைத்தான் நிரல்மொழியில் கோரிக்கைகளை அனுப்ப உதவும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் டைம்அவுட் (காலவரம்பு) குறிப்பிடாவிட்டால், பதில் வரும்வரை அது காத்துக்கொண்டே இருக்கும். கோ நிரல்மொழியில் அதே வேலையைச் செய்யும் இயல்பான எச்டிடிபி கிளையன்ட்டும் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டின் கிளையன்ட் 100 விநாடிகள் பொறுத்திருக்கும். திரைமுன் அமர்ந்திருப்பவருக்கு அதுவே மிக அதிகம். உலாவிகளுக்கு 2015-இல் கோரிக்கை அனுப்பும் வசதியான ஃபெட்ச் வந்தபோது, அனுப்பிய கோரிக்கையை ரத்து செய்ய வழியே இருக்கவில்லை; அதற்கான அபார்ட்கன்ட்ரோலர் 2017-இல்தான் வரத் தொடங்கியது.

வழி வந்த பின்னும் பழைய பழக்கம் போகவில்லை. ஃபெட்ச்சையும் ஒரு டைமரையும், முதலில் முடிவதை ஏற்கும் பிராமிஸ்.ரேஸ் மூலம் போட்டியிட விட்டு, டைமர் முந்தினால் பிழைச்செய்தி காட்டும் நிரல்களை இன்றும் காண்கிறேன். அங்கே நிற்பது காத்திருப்பு மட்டுமே. கோரிக்கை பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும், இணைப்பும் விடுபடாது. தேடல் பெட்டியில் இதன் விளைவு கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கோரிக்கை போக, முதலில் அனுப்பியதன் பதில் கடைசியாக வந்து, சரியான முடிவுகளை அழித்துவிட்டுத் தன்னைக் காட்டும். புதியதை அனுப்புமுன் பழையதை ரத்து செய்துவிட்டால் இந்தக் குழப்பம் எழாது. அப்படி நாமே ரத்து செய்ததைப் பிழையென்று பயனருக்குக் காட்டவும் கூடாது.

இவற்றைவிட என்னைக் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. உலாவி கைவிட்டுவிட்டது என்பதால் சர்வரும் வேலையை நிறுத்திவிட்டதாகப் பொருள் இல்லை. பணப்பரிமாற்றக் கோரிக்கை போய்ச் சேர்ந்து, பணமும் கழிக்கப்பட்டு, பதில் மட்டும் வழியில் தாமதமாகியிருக்கலாம். அந்த நிலையில் “பரிவர்த்தனை தோல்வி, மீண்டும் முயலவும்” என்று திரையில் காட்டுவது உண்மைக்கு மாறானது. அதை நம்பி மறுபடி பொத்தானை அழுத்துபவரிடம் இருமுறை பணம் பிடிக்கப்படுகிறது. முடிவு இன்னும் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்லி, நிலையைச் சரிபார்க்க வழிகாட்டுவதே முறை. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உலாவியிலேயே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, மறுமுயற்சியிலும் அதே எண்ணை அனுப்பினால், சர்வர் இரண்டாவது கோரிக்கையை இனங்கண்டு முந்தைய முடிவையே திருப்பித் தர முடியும்.

சர்வர் தரப்பிலும் இதே அக்கறை தேவை. கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் உள்ள சர்வர்களுக்குக் கடத்தும் என்ஜின்எக்ஸ் மென்பொருள், அவற்றிடமிருந்து பதில் வராவிட்டால் இயல்பாக 60 விநாடிகளுக்குப் பின் 504 (காலம் கடந்துவிட்டது) என்று பதிலளித்துவிடும். பின்னால் இருக்கும் தரவுத்தள வினவலோ, கேட்பவர் போய்விட்டதை அறியாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். மீதமுள்ள காலக்கெடுவையும் ரத்துச் செய்தியையும் அடுத்தடுத்த அடுக்குகளுக்குக் கடத்தினால்தான் இந்த வீண்வேலை நிற்கும். கோ மொழியின் கான்டெக்ஸ்ட், டாட்நெட்டின் கேன்சலேஷன் டோக்கன் ஆகியவை இதற்கென்றே இருக்கின்றன. மறுமுயற்சிகளுக்கு இடையிலும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இல்லையேல் திணறும் சர்வர் எழவே முடியாது.

பொதுமக்களுக்கான இணையச் சேவைகளை ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள், பணம் கழிக்கப்பட்ட பின் பதிலை மட்டும் வேண்டுமென்றே தாமதப்படுத்தி, அப்போது திரையில் என்ன தோன்றுகிறது, மறுபடி அழுத்தினால் என்ன நடக்கிறது என்பதைச் சோதித்த பிறகே ஒப்புதல் வழங்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் பொறியாளர்